நிஜப் பெட்டியா, பிளக்இன்னா? சென்னை வீட்டு ஸ்டுடியோவில் எதற்குக் காசு போடுவது

சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம் பக்கம் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையை ஸ்டுடியோவாக்கி வேலை செய்பவர்கள் நிறையப் பேர். பக்திப் பாடல், குறும்படம், விளம்பரம், தனியிசை என்று வேலை வர ஆரம்பித்து, கையில் இரண்டு மூன்று லட்சம் ரூபாய் சேர்ந்ததும் அவர்கள் கேட்பது அநேகமாக ஒரே கேள்விதான்: "அண்ணா, ஹார்டுவேர் கம்ப்ரஸர் ஒண்ணு வாங்கலாமா, இல்ல பிளக்இன்லயே ஓட்டிடலாமா?"

கம்ப்ரஸர் என்பது உரத்த இடங்களை அடக்கும் கருவி. பிளக்இன் என்பது அதே வேலையைக் கம்ப்யூட்டருக்குள் செய்யும் மென்பொருள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிக்ஸிங்குக்கு என்று அனலாக் பெட்டி வாங்க வேண்டாம். ரெக்கார்டிங்குக்கு வேண்டுமானால் யோசிக்கலாம், அதுவும் மைக்கும் அறையும் சரியான பிறகு. ஆனால் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது. "ரெண்டும் ஒண்ணுதான்" என்பவர்களும் பாதிதான் சரி, "டிஜிட்டல் கிட்டவே வராது" என்பவர்களும் பாதிதான் சரி. எந்தப் பெட்டி, எந்த வேலை, எந்த ஊர் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

நகலாக வருபவை எவை

பிளக்இன் விற்பவர்களின் பட்டியலைப் பார்த்தால் திரும்பத் திரும்ப நகலாகும் கருவிகள் ஒரு சிறு கூட்டம்தான். ஒலியின் அடி, நடு, உச்சப் பகுதிகளை ஏற்றி இறக்கும் புல்டெக் ஈக்யூ 1951-இல் வந்தது. அதில் ஒலியைச் செதுக்கும் வேலையைச் சுருளும் கன்டென்சரும் ரெசிஸ்டரும் பார்த்துக்கொள்கின்றன. அந்த வழியில் இழக்கும் அளவை ஈடுகட்டத்தான் வால்வு. டெலட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ 1960-களின் கம்ப்ரஸர், ஜேம்ஸ் லாரன்ஸ் வடிவமைத்தது. உள்ளே ஒளிரும் தகடு ஒன்று, அதன் எதிரே ஒளியை உணரும் ரெசிஸ்டர். குரல் ஏறினால் தகடு பிரகாசமாகும், ரெசிஸ்டரின் மின்தடை மாறும், சத்தம் அடங்கும். பில் புட்னம் 1967-இல் கொண்டுவந்த 1176 அதே அடக்கும் வேலையை ஃபெட் டிரான்சிஸ்டரை வைத்துச் செய்கிறது. அதன் அட்டாக், அதாவது சத்தத்தைப் பிடிக்கும் வேகம், 20 மைக்ரோசெகண்டு வரை போகும். ஃபேர்சைல்டு 670-இல் 20 வால்வுகள், எடை 30 கிலோவைத் தொடும். இவற்றோடு மைக் சிக்னலைப் பெருக்கும் ரூபர்ட் நீவின் 1073 பிரீஆம்ப், எஸ்எஸ்எல் 4000 மிக்ஸிங் கன்சோல், எதிரொலிப்பு சேர்க்கும் இஎம்டி 140 பிளேட் ரிவெர்ப், ஸ்டூடர், ஆம்பெக்ஸ் டேப் மெஷின்கள் ஆகியவற்றைச் சேர்த்தால் கணக்கு கிட்டத்தட்ட முடிந்துவிடும்.

இவற்றின் ஒலி நமக்கு வேண்டும் என்றால் சென்னையில் இருந்துகொண்டு ஐந்து வழிகள் உண்டு. அசல் பெட்டியையோ அதே நிறுவனம் இன்று செய்யும் மறுபதிப்பையோ வாங்கலாம். விலை குறைந்த ஹார்டுவேர் நகல் வாங்கலாம். கம்ப்யூட்டரிலேயே ஓடும் பிளக்இன் வாங்கலாம். பிளக்இன்னைத் தன் சொந்தச் சிப்பில் ஓட்டும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வாங்கலாம். கடைசியாக, எதையும் வாங்காமல் தேவைப்படும் நாளில் பெரிய ஸ்டுடியோவை வாடகைக்கு எடுக்கலாம்.

சுலபமாக நகலாவதும், முரண்டு பிடிப்பதும்

பேச்சு பெரும்பாலும் இங்கேதான் குழம்புகிறது. எல்லா எமுலேஷனையும், அதாவது மென்பொருள் நகலையும், ஒரே தட்டில் வைத்து "நல்லாயிருக்கு, நல்லாயில்ல" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் கருவிக்குக் கருவி கஷ்டம் வேறு.

இஎம்டி 140-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1957-இல் வந்தது. இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரமுள்ள எஃகுத் தகட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அதிரவிடுவார்கள். பெட்டியோடு சேர்த்துச் சுமார் 270 கிலோ. அடுக்குமாடியின் இரண்டாவது தளத்துக்கு இதை ஏற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம். ஆனால் இந்தத் தகட்டுக்கு ஒரு நல்ல குணம்: மெல்லப் பாடினாலும் உரக்கப் பாடினாலும் அது ஒரே விதமாக அதிர்ந்து ஒரே விதமாக அடங்கும். அதனால் ஒரு சின்ன ஒலித்துடிப்பைக் கொடுத்து, அது அடங்கும் விதத்தை ஒருமுறை பதிவெடுத்துவிட்டால், அந்தப் பதிவை வைத்தே எந்தக் குரலுக்கும் அந்த ரிவெர்பைக் கணக்கிட்டுத் தர முடியும். நல்ல பிளேட் பிளக்இன்னையும் அசல் பிளேட்டையும் பாட்டுக்குள் வைத்துப் பிரித்துச் சொல்வது மிகக் கடினம். ரிவெர்பைப் பொறுத்தவரை விவாதம் முடிந்துவிட்டது என்றே நினைக்கிறேன்.

ஈக்யூவும் கிட்டத்தட்ட அப்படித்தான். புல்டெக்கில் எல்லாரும் செய்யும் வித்தை, 60 ஹெர்ட்ஸில் ஏற்றும் குமிழையும் இறக்கும் குமிழையும் சேர்த்தே திருப்புவது. இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடாது, ஏனென்றால் இரண்டு வளைவுகளும் ஒரே இடத்தில் விழுவதில்லை. அடியில் கனம் ஏறும், அதற்குச் சற்று மேலே சேறு போல இருக்கும் பகுதி குறையும். மிருதங்கத்தின் தொப்பிக்கு இது அவ்வளவு பொருந்தும். இந்த வளைவைக் கணிதத்தில் எழுதுவது சிரமமில்லை, எல்லா நல்ல நகலும் சரியாகச் செய்கிறது. பழைய டிஜிட்டல் ஈக்யூக்களில் 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி உச்சத்தில் வளைவு நெருக்கப்பட்டு வடிவம் மாறும். இன்றைய பிளக்இன்கள் ஓவர்சாம்பிளிங்கால், அதாவது ஒலியைப் பல மடங்கு கூடுதல் மாதிரிகளில் கணக்கிடுவதால், அதையும் சரிசெய்துவிட்டன.

கம்ப்ரஸர் வேறு கதை. எல்ஏ-2ஏ-யின் ஒளி ரெசிஸ்டருக்கு ஞாபகம் உண்டு. சத்தம் குறைந்ததும் அது பாதித் தூரம் சுமார் 60 மில்லிசெகண்டில் திரும்பி வரும். மீதிப் பாதிக்கு அரை விநாடியும் ஆகலாம், ஐந்து விநாடியும் ஆகலாம். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக வெளிச்சம் பட்டது என்பதைப் பொறுத்தது அது. மேல் ஷட்ஜத்தில் நீண்ட கார்வை ஒன்றைப் பிடித்துவிட்டுக் கீழே இறங்கினால் கம்ப்ரஸர் அந்தக் கார்வையை இன்னும் மறக்காமல் இருக்கும். முதல் தலைமுறை பிளக்இன்கள் இங்கே தடுமாறின. இப்போது சுற்றிலுள்ள ஒவ்வொரு பாகத்தின் மின்நடத்தையையும் தனித்தனியே கணக்கிடும் முறையில் எழுதுகிறார்கள். மூன்று நான்கு டெசிபெல் அடக்கும் அளவில் வித்தியாசம் பாட்டுக்குள் காணாமல் போகிறது. 15 டெசிபெல் நசுக்கினால் இன்னும் தெரியும். 1176-இல் அடக்கும் விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் நான்கு பட்டனையும் ஒன்றாக அமுக்கிவிட்டு வரும் முரட்டு ஒலியில் நிறுவனத்துக்கு நிறுவனம் நகல் வேறுபடுகிறது.

எல்லாவற்றையும்விடக் கடினம், டேப், டிரான்ஸ்ஃபார்மர், வால்வு தரும் செறிவு. சிக்னலைச் சற்று அழுத்தி ஓட்டும்போது மேல் ஹார்மோனிக்குகள், அதாவது மூல ஒலியின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வெண்கள், பிறக்கின்றன. அனலாக்கில் அவை எவ்வளவு மேலே போனாலும் கவலையில்லை, காதுக்கு எட்டாமல் போய்விடும். டிஜிட்டலில் 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 44,100 மாதிரி எடுத்து வேலை செய்தால், அதில் பாதியான 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதற்கும் இடமில்லை. பஜனைப் பாட்டின் ஜால்ராவில் 10 கிலோஹெர்ட்ஸில் ஒரு கூர்மை இருக்கிறது என்று வையுங்கள். அதன் மூன்றாவது ஹார்மோனிக் 30. அது மடங்கி 14.1 கிலோஹெர்ட்ஸில் வந்து விழும். ஜால்ராவோடும் சுருதியோடும் எந்த உறவும் இல்லாத ஒரு சத்தம் அது. ஒரே ட்ராக்கில் தெரியாது. முப்பது ட்ராக்கிலும் செறிவு பிளக்இன் போட்டால் மிக்ஸின் மேல்பகுதி கரகரவென்று மணல் தூவியதுபோல ஆகும். "டிஜிட்டல் கடுமை" என்று பலர் சொல்வதில் பெரும்பங்கு இதுதான். பிளக்இன்னில் ஓவர்சாம்பிளிங் பட்டன் இருந்தால் 4 மடங்கில் வைத்து மிக்ஸை வெளியே எடுங்கள். கம்ப்யூட்டர் திணறும், நேரம் கூடும், ஆனால் ஜால்ராவும் சலங்கையும் நாதஸ்வரமும் இருக்கிற மிக்ஸில் அதற்குப் பலன் உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அசல் எல்ஏ-2ஏ" என்று ஒன்று இல்லை. அந்தக் காலத்துப் பாகங்களில் பத்து சதவீத ஏற்ற இறக்கம் சகஜம், ஒளி ரெசிஸ்டர் வயதாக ஆக மாறும், வால்வு மாற்றினால் மாறும். எல்ஏ-2ஏ-யை இன்று மறுபதிப்பாகச் செய்யும் யூனிவர்சல் ஆடியோவே தன் பிளக்இன் தொகுப்பில் எல்ஏ-2, சாம்பல் எல்ஏ-2ஏ, வெள்ளி எல்ஏ-2ஏ என்று மூன்றைத் தனித்தனியாகத் தருகிறது. மூன்றும் வெவ்வேறு வேகம். அசலுக்கும் நகலுக்கும் உள்ள தூரம் பல சமயம் அசலுக்கும் இன்னொரு அசலுக்கும் உள்ள தூரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

தம்புராவை வைத்துப் பாருங்கள்

வெளிநாட்டு வீடியோக்களில் கம்ப்ரஸர் ஒப்பீட்டை ராக் டிரம்ஸிலும் பாப் குரலிலும் காட்டுவார்கள். நம் வேலைக்கு அது அரைகுறைத் தகவல். கச்சேரிப் பதிவிலோ பக்திப் பாடலிலோ பாடகரின் மைக்கில் தம்புரா கசிந்துகொண்டே இருக்கும். 1176-இன் ரிலீஸை, அதாவது பிடியை விடும் நேரத்தை, வேகமாக வைத்தால், பாடகர் மூச்சு விடும் இடைவெளியில் கம்ப்ரஸர் கையை எடுத்துவிடும், தம்புரா குபீரென்று மேலே வரும், அடுத்த சங்கதி தொடங்கியதும் அமுங்கும். கேட்பவருக்குக் காரணம் புரியாது, ஆனால் ஏதோ அலைபாய்கிறது என்று தெரியும். எல்ஏ-2ஏ-யின் சோம்பலான ரிலீஸ் இதை மறைத்துவிடும், கமகத்தின் வடிவத்தையும் தொடாது. தவிலுக்கு எதிர்மாறாக 1176-தான் சரி: அட்டாக்கை மெதுவாக வைத்தால் குச்சி அடியின் கூர்முனை வெளியே வந்தபிறகுதான் பிடிக்கும். அதன் குமிழ் தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம், வலப்பக்கம் திருப்பினால் வேகம் கூடும்.

ஆக, எல்ஏ-2ஏ-யா 1176-ஆ என்ற தேர்வு தரும் வித்தியாசம், அசலா பிளக்இன்னா என்ற தேர்வு தரும் வித்தியாசத்தைவிடப் பல மடங்கு பெரிது. வேவ்ஸ் நிறுவனத்தின் சிஎல்ஏ-2ஏ, சிஎல்ஏ-76 மாதிரி நகல் பிளக்இன்கள் தள்ளுபடி சமயத்தில் ஒவ்வொன்றும் மூவாயிரம் ரூபாய் வாக்கில் கிடைக்கின்றன. எல்ஏ-2ஏ மறுபதிப்பு அமெரிக்காவிலேயே 4,000 டாலருக்கு மேல். சுங்கமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து இங்கே வரும்போது நான்கு லட்சத்தைத் தாண்டிவிடும். அந்தப் பணத்தில் கிடைப்பது ஒரே ஒரு சேனல். பிளக்இன்னை இருபது ட்ராக்கில் போடலாம்.

இந்த ஊரின் காற்றும் கரண்டும்

இதை வேறு நாட்டில் எழுதப்பட்ட எந்த ஒப்பீடும் சொல்லாது. பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் ஏசியின் வெளி யூனிட்டே உப்புக்காற்றில் அரித்துப்போகிறது. அதே காற்றுதான் கம்ப்ரஸரின் சுவிட்சிலும் குமிழிலும் படுகிறது. கொஞ்ச நாள் தொடாமல் வைத்துவிட்டுத் திருப்பினால் கரகரக்கும். வால்வுப் பெட்டிகள் சூட்டைக் கக்கும். கத்திரி வெயிலில் ஏசியைக் கூட்டி வைக்க வேண்டும், ஏசி கூடினால் மைக்கில் இரைச்சல் கூடும்.

டேப்புக்கு இந்த ஊர் இன்னும் பொல்லாதது. 1970-80-களில் ஆம்பெக்ஸ் 456 போன்ற டேப்புகளின் பசை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, மெஷினில் ஓட்டினால் ஆக்ஸைடு உரிந்து வரும் அளவுக்குப் போனது. குறைந்த சூட்டில் பல மணி நேரம் வாட்டிய பிறகுதான் ஒருமுறையாவது ஓட்ட முடியும். இன்றும் புது டேப் தயாராகிறது. இரண்டு அங்குல ரீல் ஒன்று, விநாடிக்கு 15 அங்குல வேகத்தில், சுமார் 33 நிமிடம் வரும். ஒரு பாட்டுக்கு ஏழெட்டு டேக் எடுத்தால் ரீல் காலி. டேப்பின் குணம் வேண்டுமானால் சௌ டேப் மாடல் என்ற பிளக்இன் இலவசமாகவே கிடைக்கிறது, அதன் மூலநிரலும் திறந்தே இருக்கிறது. அதில் தொடங்குங்கள்.

அப்புறம் கரண்டு. அமெரிக்கப் பழைய பெட்டிகள் 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டவை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைத்துத் தரும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. உள்ளே இருக்கும் பவர் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடேறும். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகை என்றால் கரண்டு போன நொடியில் ஹெட்ஃபோனில் ரீங்காரம் கேட்கும். எர்த் சரியில்லாத பழைய கட்டடங்களில் ஹம் என்னும் அந்த ரீங்காரத்தை விரட்டுவதே தனி வேலை. வேவ்ஸின் சில பிளக்இன்கள் இந்த ஹம்மையும் சேர்த்து நகலெடுத்து, 50 ஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ், ஆஃப் என்று ஒரு சுவிட்ச் தந்திருக்கின்றன. ஆஃபில் வையுங்கள். நம் அறைகளில் அது ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

திருத்தம் கேட்டு வரும் போன்

ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வரும். "சரணத்துல மட்டும் வாய்ஸ் கொஞ்சம் மேல வேணும், காலையில அனுப்பிடுங்க." படம் தள்ளிப்போய் ஆறு மாதம் கழித்து அதே பாட்டுக்கு இசை மட்டும் தனியாக, குரல் மட்டும் தனியாக என்று கேட்பார்கள். பிளக்இன் மிக்ஸ் என்றால் ஃபைலைத் திறந்து, மாற்றி, அனுப்பிவிட்டுத் தூங்கலாம். ஹார்டுவேர் என்றால் குமிழ் நின்ற இடங்களைப் போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டும், அதே இடத்துக்குத் திருப்ப வேண்டும், பாட்டை முழுநீளத்துக்கு ஓட்டிப் பதிவெடுக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் அச்சு அசலாக வராது. டிஜிட்டலிலிருந்து அனலாக்குக்குப் போய்த் திரும்பி வர உங்கள் இன்டர்ஃபேஸின் மாற்றிகளும் தரமாக இருந்தாக வேண்டும்.

பெரிய ஸ்டுடியோக்களில் இதற்கு உதவியாளர் உண்டு. தனி ஆளாக வேலை செய்பவருக்கு, மிக்ஸிங்கில் ஹார்டுவேர் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் ஒலித்தரம்கூட இல்லை, இந்தத் திருத்தம்தான்.

பாடகர் மைக் முன்னால் நிற்கும்போது

ரெக்கார்டிங்கில் கணக்கு மாறுகிறது. அந்தக் காலத்தில் டேப்பின் இரைச்சலுக்கு மேலே குரலை வைத்திருக்க, பதிவின்போதே கம்ப்ரஸ் செய்தாக வேண்டும். 24 பிட் டிஜிட்டல் பதிவில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. உச்சங்கள் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாதபடி பதிவெடுத்தாலே போதும், இரைச்சல் எங்கோ கீழே கிடக்கும். ஆகவே "பாதுகாப்புக்காக" கம்ப்ரஸர் என்ற வாதம் இப்போது நிற்காது.

நிற்கிற வாதம் ஒன்று உண்டு. ஹெட்ஃபோனில் தன் குரல் திரண்டு, நெருக்கமாகக் கேட்கும்போது பாடகர் வேறு மாதிரி பாடுகிறார். தொண்டையை இறுக்காமல், மெல்லிய இடங்களில் துணிந்து பாடுகிறார். இது பதிவாகிவிடும், பிறகு எந்தக் கருவியாலும் சேர்க்க முடியாது. இதற்காக ஒரு நல்ல பிரீஆம்ப்-கம்ப்ரஸர் வரிசைக்குச் செலவு செய்பவரை நான் தடுக்க மாட்டேன். தினமும் குரல் பதிவு செய்பவர் என்றால் ஊக்குவிக்கவும் செய்வேன்.

கம்ப்யூட்டர் பிளக்இன்னை வைத்து இதையே செய்யலாமே என்றால், தாமதம் குறுக்கே வருகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒருமுறைக்குச் சேர்த்து எடுக்கும் மாதிரிகள், 256 என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் 5.3 மில்லிசெகண்டு, போய் வரப் பத்துக்கு மேல். பாடகர் தன் தலைக்குள் கேட்கும் குரலும் ஹெட்ஃபோன் குரலும் மோதி, குரல் குழாய்க்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும். பஃபரை 64-க்கு இறக்கினால் 1.3 மில்லிசெகண்டு, அது பரவாயில்லை; ஆனால் கனமான ப்ராஜெக்டில் கம்ப்யூட்டர் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பிக்கும். யூனிவர்சல் ஆடியோவின் அப்போலோ போன்ற இன்டர்ஃபேஸ்கள் இதற்காகவே 2012-இல் வந்தவை. பிளக்இன் அதன் சொந்தச் சிப்பில் ஓடுவதால் தாமதம் உணர முடியாத அளவுக்குக் குறைகிறது. யூனிசன் என்ற ஏற்பாட்டில், நீங்கள் தேர்ந்தெடுக்கும் பிரீஆம்ப் நகலுக்கு ஏற்ப உள்ளீட்டின் மின்தடையும் நிஜமாகவே மாறுகிறது. மைக் வேறு விதமாகப் பேசுகிறது. புதிதாக இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டியவராக இருந்தால் ஹார்டுவேர் கம்ப்ரஸருக்கு முன்னால் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். ஏற்கெனவே நல்ல இன்டர்ஃபேஸ் இருந்தால் மாற்ற அவசரமில்லை, ஏனென்றால் அந்தப் பிளக்இன்களில் பலவும் இப்போது சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகின்றன.

விலை குறைந்த நகல் பெட்டிகள், அதாவது வார்ம் ஆடியோவின் டபிள்யூஏ-2ஏ, க்ளார்க் டெக்னிக்கின் கேடி-2ஏ மாதிரி. முன்னது இங்கே வந்து சேர ஒரு லட்சம் வாக்கில் ஆகும், பின்னது அதில் பாதிக்கும் கீழே. இரண்டும் உண்மையாகவே வேலை செய்கின்றன. ஆனால் மிக்ஸிங்குக்கு வாங்கினால் மேலே சொன்ன எல்லாத் தொல்லையும் அப்படியே இருக்கும். பதிவு வரிசைக்கு என்றால் மட்டும் நல்ல விலை.

இவற்றுக்கெல்லாம் முன்னால் அறை. கம்ப்ரஸர் உரத்த இடத்தை 10 டெசிபெல் அடக்க, நீங்கள் மொத்தத்தையும் 10 டெசிபெல் ஏற்றுவீர்கள். மின்விசிறியும், ஆற்காடு சாலை ஹாரனும், பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் அதே 10 டெசிபெல் ஏறி வரும். ராக்வூல் அடைத்த பலகைகளும் கனமான கதவும் போட்ட அறையில் மூவாயிரம் ரூபாய் பிளக்இன் தரும் பலனை, வெறும் சுவர் அறையில் நான்கு லட்ச ரூபாய் பெட்டி தராது.

"எண்பதுகள் சவுண்டு வேணும்"

வாடிக்கையாளர்கள் இப்படிக் கேட்கிறார்கள், உடனே டேப் பிளக்இன்னைத் தேடுகிறோம். வடபழனி ஏவிஎம்மிலும் சாலிகிராமம் பிரசாத்திலும் அந்தக் காலத்தில் பதிவான பாட்டுகளில் நாம் மயங்குவது எதில்? பெரிய கூடத்தில் வயலின்கள் கூட்டமாக ஒரே நேரத்தில் வாசிக்கின்றன. புல்லாங்குழல் மைக்கில் வயலின் கசிகிறது, வயலின் மைக்கில் தபேலா கசிகிறது. ஒருவர் தவறினால் எல்லாரும் மறுபடி வாசிக்க வேண்டும் என்பதால் ஒத்திகை அவ்வளவு இறுக்கம். வாத்தியங்களுக்கு இடையே உள்ள காற்றும் மனிதர்களின் சேர்ந்த மூச்சும்தான் அந்த ஒலியின் பெரும்பகுதி. டேப்பும் கன்சோலும் அதன் மேல் ஒரு மெல்லிய பூச்சு. தனித்தனியே பதிவு செய்த சாம்பிள் வயலின்கள் மேல் எந்த டேப் எமுலேஷனைப் போட்டாலும் அது வராது, அசல் ஸ்டூடரையே போட்டாலும் வராது.

அதனால்தான் ஐந்தாவது வழியான வாடகையை மதிப்போடு சொல்கிறேன். இந்த ஊரில் பெரிய கூடங்களும், அவற்றை வருடக்கணக்காகக் கையாண்ட இன்ஜினியர்களும், கால்ஷீட் கணக்கில் வந்து வாசிக்கும் கலைஞர்களும் இன்னும் இருக்கிறார்கள். இந்தியாவில் வேறு எத்தனை ஊருக்கு இந்தக் கொடுப்பினை? வயலின்களையோ நாதஸ்வரம்-தவிலையோ அங்கே ஒரு கால்ஷீட்டில் சேர்த்துப் பதிவு செய்துவிட்டு, மிக்ஸை வீட்டில் பிளக்இன்னில் செய்யுங்கள். நான்கு லட்சத்தை ஒரு பெட்டியில் முடக்குவதைவிட, அதில் ஒரு பங்கை இப்படிச் செலவழித்தால் பாட்டு பலமடங்கு உயரும்.

காதை ஏமாறவிடாமல் ஒப்பிட

சத்தம் சற்றுக் கூடினாலே நம் காது "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடும். அரை டெசிபெல் போதும். ஆகவே அசலையும் பிளக்இன்னையும் ஒப்பிடும்போது இரண்டின் வெளியீட்டையும் மீட்டரில் சமமாக்கிவிட்டு, எது எது என்று தெரியாமல் இன்னொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். தனி ட்ராக்காகக் கேட்காமல் முழுப் பாட்டுக்குள் கேளுங்கள்.

உள்ளே போகும் அளவும் முக்கியம். அனலாக் நகல்கள் பெரும்பாலும் மைனஸ் 18 டெசிபெல்லை பழைய மீட்டரின் பூஜ்யமாக வைத்து எழுதப்பட்டவை. மீட்டர் சிவப்பைத் தொடும் அளவுக்குப் பதிவான குரலை அப்படியே கொடுத்தால், அசல் பெட்டியை யாரும் ஓட்டாத அளவுக்கு அழுத்தி ஓட்டுகிறோம் என்று அர்த்தம். "இந்தப் பிளக்இன் கரகரக்குது" என்ற புகார்களில் பாதி, முன்னால் பத்து டெசிபெல் குறைத்ததும் தீர்ந்துபோகும்.

எது நீண்ட நாள் இருக்கும்

இங்கே ஹார்டுவேருக்குத்தான் வெற்றி, மறைக்க வேண்டியதில்லை. எல்ஏ-2ஏ-யின் சர்க்யூட் எல்லாருக்கும் தெரிந்தது, உள்ளே இருப்பவை 12ஏஎக்ஸ்7 மாதிரி இன்றும் கிடைக்கும் வால்வுகள். வால்வு ரேடியோவில் கை பழகிய மெக்கானிக் ஒருவரால் அதைத் திறந்து புரிந்துகொள்ள முடியும். அறுபது வருடம் ஆன பெட்டிகள் வேலை செய்கின்றன, வாங்கிய விலைக்கு மேல் விற்கவும் செய்கின்றன. ஆனால் 2001-இல் வந்த, பிளக்இன்களை ஓட்டுவதற்கான யூஏடி-1 அட்டையை இன்றைய கம்ப்யூட்டரில் சொருகவே இடமில்லை. வேவ்ஸ் நிறுவனம் 2023 மார்ச்சில் இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பழைய விற்பனையைத் திரும்பக் கொண்டுவந்தது. பிளக்இன் வாங்குவது என்றால் ஆபரேட்டிங் சிஸ்டத்தை அவசரப்பட்டுப் புதுப்பிக்காதீர்கள், முடிந்த ப்ராஜெக்டின் ஒவ்வொரு ட்ராக்கையும் எஃபெக்டோடு தனி ஆடியோ ஃபைலாக எடுத்து வையுங்கள்.

காசு கொடுக்காமல் பூட்டை உடைத்துப் பயன்படுத்தும் திருட்டுப் பிளக்இன்களை மட்டும் தொட வேண்டாம். நம் பாட்டை யாராவது காசு கொடுக்காமல் எடுத்தால் நமக்கு எப்படி வலிக்குமோ, எழுதியவர்களுக்கும் அப்படித்தான். அனலாக் அப்ஸெஷன் மாதிரி இலவசமாகவே தருபவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் நகல்களை வைத்து முழு ஆல்பமே மிக்ஸ் செய்யலாம்.

இதற்கு மேலும் பெட்டி வாங்குவது என்று முடிவானால்

தினசரி குரல் பதிவு, சரியான அறை, நல்ல மைக், இவை மூன்றும் இருந்தால் ஒரு 1073 வகை பிரீஆம்ப், அதன் பின்னால் ஒரு எல்ஏ-2ஏ வகை கம்ப்ரஸர். இந்த வரிசையில் முதலில் பிரீஆம்ப். பெட்டியின் பின்புறம் 230 வோல்ட் என்று இருக்கிறதா, அதற்கேற்ற ஃபியூஸ் போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே பிளக்கைச் சொருகுங்கள். பழைய பெட்டி என்றால் மெக்கானிக்கிடம் காட்டிப் பவர் பகுதியின் கன்டென்சர்களை மாற்றிய பிறகு. சைன் அலை தரும் யூபிஎஸ் ஒன்று, உபரி வால்வு ஒரு செட். மழைக்காலத்தில் வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, குமிழ்களை முழுச்சுற்று திருப்பி வைக்க வேண்டும்.